கல்வெட்டில் எனக்கு ஒரு வரி

வாசகி கடிதம்

வணக்கம் பிள்ளை,

என் பெயர் வேண்டாம். திருகோணமலை, ஓய்வுபெற்ற மருத்துவிச்சி, வயது 68 என்று போட்டால் போதும். இவ்வளவுமே எங்கள் பக்கம் சில பேருக்கு ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும், பரவாயில்லை. காகிதத்தில் குடும்பநல உத்தியோகத்தர் என்று வரும், சனம் என்னவோ எப்போதும் மிஸ் என்றுதான் கூப்பிட்டது. இன்றைக்கும் சந்தைக்குப் போனால் தாடி வைத்த ஒருத்தன் "மிஸ், என்னைத் தெரியுதா, நீங்கதான் என்னை எடுத்தது" என்று சொல்லி, கணவாய்க்குக் காசு வாங்க மாட்டேன் என்று நிற்பான்.

நான் கேட்க வந்தது ஒரு கோபத்தைப் பற்றி. என் கணவர் போய் இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. செத்தவருக்குச் செய்கிற அந்தியேட்டிக் கிரியையன்று நினைவு மலர் கொடுப்பது உங்களுக்குத் தெரியும்தானே, கல்வெட்டு என்றும் சொல்வோம். மூத்தவன் கனடாவிலிருந்து எழுதி வட்சப்பில் அனுப்பினான், இங்கே அச்சடிப்பித்தோம். தேவாரம், படங்கள், அப்பாவின் வாழ்க்கை வரலாறு என்று நல்லாகத்தான் வந்திருந்தது. "போர்க்காலத்தின் கொடிய நாட்களிலும் தன் குடும்பத்தைக் கண்ணிமை போல் காத்தவர்" என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. எனக்கு ஒரு வரி. "அன்னாருக்கு என்றும் உறுதுணையாக விளங்கிய அன்பு மனைவி." அவ்வளவுதான். நான் வேலை செய்தேன் என்றுகூட இல்லை. பந்தி நடந்துகொண்டிருக்கிற நேரம் நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்து மச்சாள் வந்து முதுகைத் தடவினா. நான் அழவில்லை பிள்ளை, எனக்குக் கை நடுங்குகிற அளவுக்குக் கோபம். அது இன்னும் போகவில்லை.

கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது. 80-களின் தொடக்கத்தில் பயிற்சி முடித்தேன், 18 மாதம், ஒரு வருடம் ஆஸ்பத்திரியில், மிச்சம் வெளிக்களத்தில். முதல் நியமனம் மூதூர்ப் பக்கம். கலியாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் வேலையை விடச் சொன்னார்கள், இவர்தான் வேண்டாம், செய்யட்டும் என்றவர். இவர் டவுனில் கணக்குப் படிப்பித்த மாஸ்டர், வீடு உப்புவெளியில். அந்தக் காலத்தில் அங்கேயிருந்து மூதூருக்குப் போவதென்றால் ஒன்றில் லோஞ்சில் ஏறிக் கொட்டியாரக் குடாவைக் கடக்க வேண்டும், இல்லாவிட்டால் தரையால் போய்த் துறைக்குத் துறை இறங்கிப் பாதைக்குக் காத்து நிற்க வேண்டும். பாதை என்றால் எங்களுக்கு ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கரை சேர்க்கிற மிதவை. கிண்ணியாப் பாலம் 2009-இல்தான் திறந்தது, இப்போது பஸ்ஸில் நித்திரை கொண்டே போய்ச் சேரலாம். நான் கிழமை நாட்களில் குவார்ட்டர்சில் இருந்து, லோஞ்ச் ஓடினால் சனி ஞாயிறு வீட்டுக்கு வருவேன். ஓடாத கிழமைகள் நிறைய.

1985-இல் டவுனைச் சுற்றி ஊர் ஊராக எரிந்தபோது மூத்தவன் கைக்குழந்தை. 1990 ஜூனில் திரும்பச் சண்டை தொடங்கியபோது மகளுக்குப் பால் மறக்கவில்லை. சனம் காட்டுக்கும் வன்னிக்கும் போனது, வள்ளம் ஏறி இந்தியாவுக்கும் போனது, என் தங்கச்சி குடும்பம் மண்டபம் முகாமில் வருடக்கணக்கில் கிடந்தது. நாங்கள் போகவில்லை. பிள்ளைப்பேறு சண்டை முடியட்டும் என்று பார்த்துக்கொண்டு இருக்காதே. ஊரடங்கு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குப்பி லாம்பு வெளிச்சத்தில் பேறு பார்த்திருக்கிறேன். பினார்ட் என்கிற கேட்கும் குழலைத் தாயின் வயிற்றில் ஊன்றி, காதைக் கொடுத்து, மணிக்கூட்டைப் பார்த்துக் குழந்தையின் துடிப்பை எண்ணுவோம், நிமிடத்துக்கு 120-க்கும் 160-க்கும் இடையில் இருக்க வேண்டும். வெளியில் ஷெல் விழுந்தால் எண்ணிக்கை பிசகும். திரும்ப ஒன்றிலிருந்து. தாய்க்கு முகத்தைக் காட்டக் கூடாது, அதுதான் முக்கியம்.

1995 தொடக்கம் நாடு முழுக்க ஒரே நாளில் போலியோ சொட்டு கொடுத்தார்கள், அந்த நாட்களில் இரண்டு பகுதியும் சுடுவதை நிறுத்தும். ஐஸ் பெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, மற்ற நாளில் கால் வைக்கப் பயப்படுகிற ஒழுங்கைக்குள் எல்லாம் போனோம். 1993-க்குப் பிறகு இலங்கையில் ஒரு பிள்ளைக்கும் போலியோ வரவில்லை, அதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது என்று ஒரு பெருமை உண்டு, யாரும் கேட்காவிட்டாலும். ஒரு தாயை இழந்தேன், அதுவும் அந்தக் காலத்தில்தான். பேறுக்குப் பிறகு இரத்தம் நிற்கவில்லை, ட்ரக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தோம், சென்றியில், அதுதான் காவலரணில், விடியட்டும் என்று மறித்துவிட்டார்கள். சரி, அது வேறு கதை. பிறகு சுனாமி. பிறகு 2006-இல் மாவிலாற்றில் சண்டை தொடங்கி மூதூர், சம்பூர்ச் சனம் எல்லாம் கிளம்பியது. நான் அப்போது டவுனுக்கு மாற்றலாகி வந்துவிட்டேன், முகாம் முகாமாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரின் அட்டை பதிவதே வேலை. 60 வயதில் ஓய்வு.

ஓய்வு எடுத்த அடுத்த வருடம் இவருக்குப் பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் குறைந்துபோனது. போகும் வரைக்கும் நான்தான் பார்த்தேன். ஆள் வைக்கவில்லை. ஒரு படுக்கைப் புண் வரவிடவில்லை.

இப்போது நியாயமாக இவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. நான் அங்கே நிற்கிற நாட்களில் விடிய எழும்பிப் புட்டு அவித்து, மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னி ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவர். சொந்தக்காரர் பகிடி பண்ணுவார்கள், சிரித்துவிட்டுப் போவார். ஆனால் ஆட்களுக்கு முன்னால் ஒரு கதை சொல்வார், "நான் விட்டபடியால்தான் இவ உத்தியோகம் பார்த்தா" என்று. எத்தனை கலியாண வீட்டில் அதைக் கேட்டிருப்பேன். ஒருநாளும் திருப்பிச் சொல்லவில்லை, இப்போதுதான் ஏறுகிறது.

போன மாதம் மகளிடம், அவ கொழும்பில் இருக்கிறா, அந்த ஒரு வரியைப் பற்றி மெல்லமாகச் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, நீங்க எங்களோட இருந்ததே குறைவு, அப்பாதானே வளர்த்தவர்" என்றா. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னா. அதுதான் இன்னும் குத்துகிறது.

நிலாவெளி ரோட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, இரண்டாம் உலகப் போரில் செத்த சிப்பாய்மாரின் மயானம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் யப்பான்காரன் துறைமுகத்தில் குண்டு போட்ட கதையை அம்மம்மா சொல்வா, அந்தப் போர். புல்லு வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் பேரும் படையும் பொறித்து அவ்வளவு வடிவாக வைத்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்துக்கொண்டு போவேன். எனக்கு அப்படி ஒன்றும் வேண்டாம். என் பிள்ளை எழுதும்போது இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்றுதான்.

இன்னொன்று. இரவில் நாய் குரைத்தால் எழும்பி லைட்டைப் போட்டுச் சேலையைத் தேடுகிறேன், யாரோ பேறுக்குக் கூப்பிட வந்துவிட்டார்கள் என்று. வாசலில் ஒருத்தரும் இல்லை. நாய் குரைக்காத இரவிலும் இரண்டு மணி, நாலு மணி என்று முழிப்பு வருகிறது. பிள்ளையோடு வந்து நிற்கப் பெற்றோருக்குக் கனடா கொடுக்கிற சுப்பர் விசாவுக்கு மூத்தவன் காகிதம் அனுப்பியிருக்கிறான், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லையாம், "தனியா அங்க இருந்து என்ன செய்யப் போறீங்க" என்கிறான். போக விருப்பமில்லை. போகாவிட்டால் மகள் சொன்னது சரி என்றாகிவிடுமோ என்றும் இருக்கிறது.

செத்துப்போன மனிதரில் இப்படிக் கோபப்படுகிறவள் என்ன மனைவி? இந்த வயதில் இது வருத்தமா, குணமா? கேட்டுச் சொல்லுங்கள்.

ஆலோசகர் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இது வருத்தமும் இல்லை, கெட்ட குணமும் இல்லை. துக்கத்தோடு கோபம் வருவது மிகச் சாதாரணம், நம் ஊரில் அழுகைக்குத்தான் இடம் கொடுப்போம், கோபத்துக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் நீங்கள் குசினிக் கதவைச் சாத்த வேண்டி வந்தது, உங்கள் மச்சாளும் அதை அழுகை என்றே எடுத்துக்கொண்டா. வருடக்கணக்காகப் படுக்கையில் கிடந்த ஒருவரைப் பார்த்து முடித்தவர்களுக்கு இது இன்னும் அதிகமாக வரும். பார்க்கிற காலத்தில் மருந்து, கழுவல், சாப்பாடு என்று நாள் போய்விடும், மனம் என்ன சொல்கிறது என்று கேட்க நேரமே இருக்காது. உங்களுக்கு அந்த நேரம் 80-களிலிருந்தே கிடைக்கவில்லை. இப்போதுதான் கிடைத்திருக்கிறது, வந்தது கோபம். வரட்டும். ஆள் போய் ஒரு வருடம்கூட ஆகாத நிலையில் இதைச் சீக்கிரம் அடக்கி முடிக்க வேண்டும் என்று ஒரு அவசரமும் இல்லை.

ஆனால் அம்மா, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது கல்வெட்டு இல்லை. போலியோச் சொட்டுக்கும் சுனாமிக்கும் நடுவில் ஒரு தாயை இழந்ததை எழுதிவிட்டு "சரி, அது வேறு கதை" என்று தாண்டிப் போகிறீர்கள். மூதூருக்குப் போகிற பாதையை விபரமாகச் சொன்ன நீங்கள், பினார்ட்டை எப்படி ஊன்றுவது என்று சொன்ன நீங்கள், இந்த இடத்தில் ஓடுகிறீர்கள். அது வேறு கதை என்று நான் நினைக்கவில்லை. இரவில் நீங்கள் சேலையைத் தேடி எழும்புவதற்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

நான் சொல்லப்போவது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், இருந்தாலும் இன்னொருவர் வாயால் ஒருமுறை கேளுங்கள். நிறைமாதக் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லீட்டருக்கும் மேல் இரத்தம் போய்க்கொண்டிருக்கும். பேறுக்குப் பிறகு அது சுருங்காவிட்டால் ஒரு பெண்ணின் உயிர் போக இரண்டொரு மணித்தியாலம் போதும். கருப்பையைத் தேய்க்கலாம், சேலைன் இருந்தால் ஏற்றலாம், கருப்பையைச் சுருங்க வைக்கிற ஒக்ஸிரோசின் ஊசி போடலாம், அந்த ஊசியையும் 2-இலிருந்து 8 பாகை குளிரில் வைத்திருக்க வேண்டும், கரண்ட் இல்லாத ஊரில் அது எங்கே இருக்கும்? அதற்கு மேலே தேவைப்படுவது இரத்தமும் சத்திரசிகிச்சைக் கூடமும். அவை இரண்டும் அந்தத் தடைக்கு அப்பால் இருந்தன. நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்து, ட்ரக்டர் பிடித்து, அந்தப் பெண்ணோடேயே வாசல் வரைக்கும் வந்துவிட்டீர்கள். வாசலைத் திறக்கிற அதிகாரம் உங்கள் கையில் இருக்கவில்லை.

இதெல்லாம் தெரிந்தும் மனம் ஆறாது என்பதையும் அறிவேன். உயிரைக் காக்கப் பழகியவர்களுக்கு, காக்க வழி தெரிந்தும் காக்க விடாமல் மறிக்கப்பட்ட ஒரு இரவு, உயிருக்குப் பயந்த நூறு இரவுகளைவிட ஆழமாகப் போய் உட்காரும். பயம் நாளடைவில் குறையும். "நான் வேறு ஏதாவது செய்திருக்கலாம்" என்பது குறையாது, ஏனென்றால் அதை யாரும் மறுத்துப் பேச வாய்ப்பே கொடுத்திருக்க மாட்டீர்கள். இந்தக் கதையை உங்கள் கணவருக்கு முழுதாகச் சொன்னீர்களா? லோஞ்சில் வந்து இறங்கிய சனிக்கிழமை பிள்ளைகள் வந்து காலைக் கட்டிக்கொண்ட நேரத்தில் சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முழிப்பைப் பற்றி இன்னொன்று. படுக்கையில் கிடக்கிறவருக்குப் புண் வராமல் இருக்க வேண்டுமென்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஒரு புண்கூட வரவிடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அத்தனை வருடமும் இரவில் இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும் நீங்கள் முழித்திருந்தீர்கள். அதற்கு முந்திய முப்பது வருடமும் வாசலில் கூப்பிட்டால் எழும்பி ஓடினீர்கள். உங்கள் உடம்பு இன்னும் ட்யூட்டியில் இருக்கிறது, ஓய்வுக் கடிதம் அதற்குப் போய்ச் சேரவில்லை. முழிப்பு வந்தால் படுக்கையில் கிடந்து புரளாமல் எழும்பி இருங்கள், வாசலையும் ஒருமுறை பாருங்கள், தப்பில்லை, பிறகு நித்திரை வரும்போது மட்டும் திரும்பப் படுங்கள். பகலில் அரை மணிக்கு மேல் சரிய வேண்டாம், பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். சுகர், பிரஷர், தைரொயிட் மூன்றையும் பார்த்துவிடுங்கள், மற்றவர்களுக்குக் கிளினிக் அட்டை எழுதியவர்கள் தங்களுக்கு ஒன்று வைத்திருப்பதில்லை.

இனி மாஸ்டருக்கு வருவோம். நீங்கள் நியாயமாகச் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்த அந்தப் பந்தியை மூன்று தரம் வாசித்தேன். புட்டு அவித்தவர், மகளுக்கு இரட்டைப் பின்னல் பின்னியவர், பகிடி பண்ணியவர்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனவர். 90-களில் ஒரு தமிழ் ஆண், அதுவும் ஊரில் மதிப்பான ஒரு கணக்கு மாஸ்டர், இதைச் செய்தார் என்றால் அது சும்மா விஷயமா? அந்தக் கல்வெட்டில் இது இருக்கிறதா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இல்லை போலத்தான் தெரிகிறது. "கண்ணிமை போல் காத்தவர்" என்பது எல்லார் கல்வெட்டிலும் வருகிற வரி, எந்த அப்பாவுக்கும் பொருந்தும், எந்த அப்பாவையும் காட்டாது. உங்கள் மகன் உங்களை மட்டும் விட்டுவிடவில்லை அம்மா, ரிப்பன் கட்டிய அப்பாவையும் விட்டுவிட்டான். ஆண் காப்பான், பெண் துணை நிற்பாள் என்ற பழைய அச்சு ஒன்று இருக்கிறது, உங்கள் வீட்டில் நடந்ததற்கு அது பொருந்தாது, இருந்தும் துக்க வீட்டு அவசரத்தில் அந்தப் பிள்ளை கையில் கிடைத்தது அதுதான். எனவே அந்த ஒரு வரிக்கு நீங்கள் கோபப்படும்போது உங்கள் கணவரின் பக்கமும் சேர்த்துத்தான் நிற்கிறீர்கள்.

அதற்காக "நான் விட்டபடியால்தான்" என்பதை மன்னித்துவிடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. அது உங்கள் சம்பளத்தையும் உங்கள் துணிவையும் ஒரே வாக்கியத்தில் தன் கணக்கில் போட்டுக்கொள்கிற பேச்சு. பகிடிக்காரர்களுக்கு முன்னால் தன் மானத்தைக் காக்க அவருக்கு அது தேவைப்பட்டிருக்கலாம், அது விளக்கம், நியாயம் இல்லை. நல்ல மனிதர் ஒருவர் தன் மனைவியைக் குறைத்துப் பேசியும் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆள்தான். அவருடைய படத்துக்கு விளக்கு வைக்கும்போது "மாஸ்டர், நீங்கள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், இருந்தாலும் சொல்லுங்கள். வீட்டில்தான் ஆள் இல்லையே.

மகள் சொன்னது உங்களை ஏன் அவ்வளவு குத்தியது என்றால், ஒரு பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் அது உண்மை. ஏழெட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மா இல்லாத கிழமைகள்தான் தெரியும், கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் அம்மா என்ன செய்துகொண்டிருந்தா என்று தெரியாது. ஷெல் விழும்போது தாய்க்கு முகத்தைக் காட்டக் கூடாது என்று எழுதினீர்களே, வீட்டிலும் அதையேதான் செய்திருக்கிறீர்கள். பிள்ளைகள் பயப்படாமல் வளர்ந்தார்கள், உங்களைத் தெரியாமலும் வளர்ந்துவிட்டார்கள். அப்பா கலியாண வீடுகளில் கதை சொன்னார், நீங்கள் சொல்லவில்லை, பிள்ளைகளுக்குத் தெரிந்தது சொல்லப்பட்ட கதை. இதை உங்கள் பிழை என்று எடுக்க வேண்டாம், அந்தக் காலத்தில் வேறு வழியில் செய்திருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது முடியும்.

மகளிடம் வாதாட வேண்டாம். "நீ சொன்னது சரி பிள்ளை, நான் நிறைய நாள் இருக்கவில்லை. அந்த நாட்களில் நான் எங்கே நின்றேன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை, கேட்கிறாயா?" இந்த அளவு போதும். அவ இல்லை என்று சொல்ல மாட்டா. சொன்னாலும் கொஞ்ச நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கள்.

மகனிடம் நேராகவே சொல்லலாம். "மகன், அந்த ஒரு வரி எனக்குக் குறைவாகப் பட்டது" என்று. சுற்றி வளைக்காதீர்கள், மெல்லமாகச் சொன்னதைத்தான் மகள் கவனிக்காமல் விட்டா. ஆட்டைத் திவசத்துக்கு இன்னும் சில மாதம் இருக்கிறது. அதற்கு ஒரு சிறு மலர் போடுவோம், அப்பாவும் நானும் அந்தக் காலத்தை எப்படி ஓட்டினோம் என்று நான் சொல்கிறேன், நீ எழுது என்று கேளுங்கள். வட்சப்பில் குரல் பதிவாக ஒவ்வொன்றாக அனுப்புங்கள். 1985-இலிருந்து தொடங்காதீர்கள், அது செய்தி வாசிப்பதுபோல் ஆகிவிடும். இரட்டைப் பின்னலில் தொடங்குங்கள், ரிப்பன் என்ன நிறம், எந்தக் கடையில் வாங்கினார், மகள் அழுதாளா. அங்கேயிருந்து உங்கள் குவார்ட்டர்சுக்கு வாருங்கள், அந்த வெள்ளிக்கிழமை லோஞ்ச் ஏன் ஓடவில்லை என்று சொல்லுங்கள், குப்பி லாம்பு, ஐஸ் பெட்டி எல்லாம் பின்னால் தானாக வரும். அவன் குறுக்குக் கேள்வி கேட்பான், அதுதான் நமக்கு வேண்டும். சந்தையில் கணவாய்க்குக் காசு வாங்க மறுத்த தாடிக்காரனையும் அதில் போடுங்கள், எனக்கு அவனை நிறையப் பிடித்திருக்கிறது.

ட்ரக்டரில் வந்த அந்தப் பெண்ணை மட்டும் மலரில் போட வேண்டாம், பிள்ளைகளிடம் முதலில் சொல்லவும் வேண்டாம். அதற்கு வேறு காது வேண்டும். உங்களோடு வேலை செய்து ஓய்வுபெற்ற மிஸ்மார் யாராவது திருகோணமலையில் இருப்பார்கள்தானே? அவர்களிடமும் இப்படி ஒரு இரவு இருக்கும், நிச்சயம் இருக்கும், அதையும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பின்னேரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடுங்கள். பயிற்சி பெற்ற ஒருவரோடு பேசுவது இலகு என்றால் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, டவுனில் எல்லாருக்கும் உங்களைத் தெரியும் என்று கூச்சமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் அது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். சாப்பாடு இறங்காமல் போனால், நித்திரை இன்னும் குறைந்தால், நானும் இவரோடேயே போயிருக்கலாம் என்ற எண்ணம் அடிக்கடி வந்தால் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே பேசுங்கள்.

கனடா. மகன் பாசத்தில்தான் கூப்பிடுகிறான், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்தக் கூப்பாட்டுக்குள் ஒரு வேலையும் இருக்கிறது. மூதூரில் ஒரு ட்யூட்டி, கட்டில் பக்கத்தில் ஒரு ட்யூட்டி, இப்போது தொட்டில் பக்கத்தில் மூன்றாவது. பேரப்பிள்ளையைப் பார்க்க விருப்பத்தோடு போவது வேறு, மகளை வளர்க்கத் தவறியதை இங்கே ஈடு கட்டுகிறேன் என்று போவது வேறு. இரண்டாவது மனநிலையில் போனால் அங்கே பனியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுவீர்கள், இந்த முறை மச்சாளும் இருக்கமாட்டா. திவசம் முடியும் வரைக்கும் அந்தக் காகிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டாம். பிறகும் போக மனம் வந்தால் எத்தனை மாதம் என்று முதலே பேசி, திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்துப் போடச் சொல்லுங்கள், அதுவும் கோடையில். வராவிட்டால் "இப்போது இல்லை மகன்" என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால், எழுதி முடிக்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லலாம்.